கரண்ட் போனாலும் கலையாத வேலை நேரம்: செங்கோட்டையில் ஒரு வீட்டு அலுவலக அமைப்பு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் கவனத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால் இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் குரூப் என்று வரிசையாகப் பெயர் வரும். செங்கோட்டை, புளியரைப் பக்கம் அதற்கு முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கரண்ட். சாரல் காலத்துக் காற்றில் லைன் ஒரு நொடி விட்டு வரும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், ரூட்டர் மட்டும் அணைந்து எழும். மறுபடி நெட் வர இரண்டு மூன்று நிமிடம். மீட்டிங்கில் இருப்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போடுவார். போடும்போதே திரையின் மேலே நாலு நோட்டிஃபிகேஷன் நிற்கும். மீட்டிங் முடிந்தும் லேப்டாப் ஹாட்ஸ்பாட்டிலேயே கிடக்கும். வீட்டு வைஃபையில் பாடுபட்டுப் போட்டு வைத்த தடுப்பு எதுவும் அங்கே செல்லாது.

பெரும்பாலானவர்கள் தடுப்பு மென்பொருளில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது மூன்றாவது வேலை. முதலில் பேட்டரி, அடுத்து ரூட்டர், அதன் பிறகுதான் தடுப்பு.

இந்தப் பதிவிலுள்ள வீட்டில் வேலை பார்ப்பவர்கள் இருவர். ஒருவர் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை). கம்பெனி லேப்டாப், எந்நேரமும் விபிஎன் (கம்பெனி வலைக்குள் நுழையும் பாதுகாப்பான வழி). இன்னொருவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருக்கும் நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை; சொந்த லேப்டாப். இவை போக டிவி, கல்லூரி படிக்கும் பையனின் போன், பெரியவர்களின் போன்கள். ஒருவரின் வேலை நேரத்துக்காக மற்றவர்களின் சீரியலும் பாட்டும் நிற்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. இதை மதிக்காத எந்த அமைப்பையும் யாராவது ஒருவர் பிளக்கைப் பிடுங்கி முடித்து வைத்துவிடுவார்.

பேட்டரி

ஃபேன் ஓடும்போது ரூட்டர் மட்டும் ஏன் அணைகிறது? பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், ஈகோ என்று இரண்டு நிலை கொண்ட சின்ன சுவிட்ச் இருக்கும். ஈகோவில் வைத்தால் குறைந்த வோல்டேஜையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் பேட்டரிக்கு மாறச் சற்று நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது. ரூட்டரின் சின்ன அடாப்டருக்குள் அந்த இடைவெளியைத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு இல்லை. யூபிஎஸ் நிலையில் வைத்தால் மாற்றம் வேகமாக நடக்கும். ஆனால் தோட்டத்து மோட்டார்கள் ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரமெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும், பேட்டரி ஆயுள் குறையும். எல்லைக் கிராமங்களில் வோல்டேஜ் இறங்குவது சாதாரணம் என்பதால் இன்வெர்ட்டரை ஈகோவிலேயே விட்டுவிட்டு, ரூட்டருக்கென்று தனியாக 12 வோல்ட் மினி யூபிஎஸ் போடுவதுதான் சரி.

மினி யூபிஎஸ் பெட்டியில் 8,800 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, 12 வோல்ட் கணக்கு அல்ல. 8.8 பெருக்கல் 3.7 என்றால் 32.56 வாட்-மணி. 12 வோல்ட்டாக ஏற்றும்போது ஆகும் நஷ்டத்துக்கு 15 சதவீதம் கழித்தால் கையில் நிற்பது சுமார் 27.7. இங்கே சுமை என்ன? ஃபைபர் பெட்டி, சொந்த ரூட்டர், தடுப்பு மென்பொருள் ஓடும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி மூன்றும் சேர்ந்து சுமார் 12.5 வாட். ஆக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அடாப்டரில் அச்சடித்திருக்கும் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்பது உச்ச அளவு. உண்மையில் இழுப்பது அதில் பாதிதான் இருக்கும். பிளக் பாயிண்டில் போடும் வாட் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கியாவது அளந்துவிடுங்கள். அளக்காமல் வாங்கினால் ஒன்று காசு வீண், இல்லை நேரம் பற்றாது.

இங்கே எல்லாரையும் படுத்துவது டிசி பின். வெளியளவு பெரும்பாலான ரூட்டர்களில் 5.5 மில்லிமீட்டர்தான். உள்ளே நடுத்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 ஊசி இருக்கும் ரூட்டரில் 2.5 பின்னைச் செருகினால் செருகத்தான் செய்யும், விளக்கும் எரியும். மேசையில் டம்ளரை வைத்தால் போதும், ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். நெட் அடிக்கடி போகிறது என்று ஆபரேட்டருக்கு புகார் மேல் புகார் போடும் பல வீடுகளில் குற்றவாளி இந்த அரை மில்லிமீட்டர்தான். பின்னைச் செருகிப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேறு பின். நடுவில் பாசிட்டிவ் இருக்கிறதா என்று அடாப்டரில் உள்ள படத்தைப் பார்த்துக்கொள்வதும் அவசியம். சாரல் மாதங்களில் ஓதம் ஏறும் சுவரில் இந்தப் பெட்டிகளை ஆணியடித்து மாட்டக் கூடாது. பின்னில் பச்சை பூத்துவிடும். மரப்பலகை மேல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் போதும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே ஆபரேட்டரிடம் கேட்டுவிட வேண்டும்: நடுவில் தெருப்பெட்டியில் கரண்டில் ஓடும் ஸ்விட்ச் இருக்கிறதா, இல்லை தொடக்கம் முதல் வீடு வரை முழுக்க ஃபைபரா? முழு ஃபைபர் என்றால் வழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட் தேவையில்லை. தெருவே இருட்டாக இருந்தாலும் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் இருந்தால் நெட் வரும். தெருவில் ஸ்விட்ச் வைத்துக் கொடுக்கும் இணைப்பு என்றால் நீங்கள் எத்தனை பேட்டரி வாங்கினாலும் பலன் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் மினி யூபிஎஸ்ஸுக்குச் செலவழிக்காமல், கீழே சொல்லப்போகும் பழைய போன் வழிக்கே போய்விடலாம்.

கரண்ட் இருந்தும் ஃபைபர் பெட்டியில் லாஸ் (சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் கோளாறு. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு தெரியும். நன்றாக ஓடும் நாளில் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். மைனஸ் 27 டிபிஎம் பக்கம் போய்விட்டால் கேபிள் எங்கேயோ மடங்கியிருக்கிறது, அல்லது காற்றில் ஆடி இணைப்பு தளர்ந்திருக்கிறது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் லைன்மேன் சீக்கிரம் வருவார்.

ரூட்டர்

இணைப்புக்காரர் கொடுத்த பெட்டியில் பெரும்பாலும் டிஎன்எஸ் (தளப் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை) முகவரியை மாற்ற விடமாட்டார்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் லான் (உள்வலை) துளையிலிருந்து ஒரு வயரை எடுத்துச் சொந்த ரூட்டரின் வான் (வெளி இணைப்பு) துளையில் செருகி, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: பழைய பெட்டி 192.168.1.1 என்றால் புது ரூட்டர் 192.168.0.1 ஆக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் நெட் வராது, ஏன் என்றும் புரியாது. இரட்டை ரூட்டர் விபிஎன்னைக் கெடுக்குமோ என்று பயப்படத் தேவையில்லை. இப்போதுள்ள விபிஎன்கள் இதற்குள் ஓடிவிடும்.

வேலைக்கு ஒரு வைஃபை, வீட்டுக்கு கெஸ்ட் வைஃபை என்று பிரிக்கலாமே என்று தோன்றும். கேட்க நன்றாக இருக்கும், நடப்பில் சொதப்பும். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவிகள் உள்வீட்டுக் கருவிகளைத் தொட முடியாதபடி ரூட்டர் தடுத்திருக்கும். ஆனால் டிஎன்எஸ் முகவரியாக உள்ளே இருக்கும் ராஸ்பெரி பையைத்தான் அவற்றுக்கும் கொடுக்கும். விளைவு, பெரியவர்களின் போனில் வைஃபை குறி முழுதாக இருக்கும், எதுவும் திறக்காது. ஒரே வைஃபை வைத்துக்கொண்டு, கருவிவாரியாகப் பிரிக்கும் வேலையை ராஸ்பெரி பையில் ஓடும் டிஎன்எஸ் தடுப்பு மென்பொருளான பை-ஹோலிடம் விடுவதே நல்லது.

பை-ஹோல்

தேவையானவை: ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, மைக்ரோ யூஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்று, 16 அல்லது 32 ஜிபி எஸ்டி கார்டு. கார்டு சிசிடிவி கேமராவுக்கென்று விற்கும் ஹை எண்டூரன்ஸ் வகையாக இருக்கட்டும். பழைய பை 3 கிடந்தால் அதில் ஈத்தர்நெட் துளையே இருக்கிறது, இன்னும் நல்லது. மினி யூபிஎஸ்ஸின் 5 வோல்ட் துளையிலிருந்தே பைக்கு மின்சாரம் எடுக்கலாம். கேபிள் குட்டையாக, தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய சார்ஜர் கேபிளில் வோல்டேஜ் விழுந்து, 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை குறைவோல்டேஜ் எச்சரிக்கை கொடுக்கும். கார்டு கெடுவதற்கு அதுவே முதல் அறிகுறி.

பைக்கு 192.168.0.2 என்று நிலையான முகவரி. ரூட்டர் மற்றவற்றுக்கு 100-இலிருந்து 199 வரை கொடுக்கட்டும். ரூட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அமைப்பு) பக்கத்தில் முதன்மை டிஎன்எஸ் 192.168.0.2. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று 8.8.8.8 போடாதீர்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதுக்குப் போகும் என்ற நம்பிக்கை தவறு. கருவிகள் தம் இஷ்டத்துக்கு இரண்டையும் கேட்கும், தடுப்பு ஒரு சமயம் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது.

போட்டதும் எதையும் தடுக்காமல் ஒரு வாரம் சும்மா ஓட விடுங்கள். எந்தக் கருவி எந்த மணிக்கு எதைக் கேட்கிறது என்று பதிவு சேரும். வீட்டில் உள்ள எல்லாரிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அடுத்தவர் என்ன பார்க்கிறார் என்று துழாவ இதைப் போடுவதில்லை. எல்லாருடைய கேள்விகளிலும் தளப் பெயர் தெரியாதபடி மறைக்கும் நிலையும் பை-ஹோலில் இருக்கிறது.

பதிவைப் படிக்கும்போது எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. கைபேசிச் செயலிகள் யாரும் தொடாமலே பின்னணியில் கேட்டுக்கொண்டிருக்கும். வேலை லேப்டாப்பில், வேலை மணிகளில், திடீரென்று மேடு தட்டும் இடம் எது என்பதுதான் கேள்வி. எல்லைப்புற வீடுகளில் இரண்டு மேடுகள் தனி அடையாளம். ஒன்று, பிற்பகல் 3 மணி: கேரளா லாட்டரி குலுக்கல். தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரி தடை செய்யப்பட்டாலும் எல்லைக்கு அப்பால் கேரளாவின் ஆரியங்காவு ஒரு எட்டில் இருக்கிறது, சட்டைப்பையில் சீட்டு இருக்கிறது. இரண்டு, சாரல் காலத்துக் காலை: குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்களா என்ற விசாரணை. கிரிக்கெட் எல்லா ஊருக்கும் பொது.

இவற்றை முழுதாகத் தடுத்துப் பயனில்லை. தடுத்தால் போனில் பார்ப்பார்கள். லாட்டரி பார்ப்பவர் 3 மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கத்தைப் புதுப்பிக்கிறார்; சின்னப் பரிசுகள் வரை முழுப் பட்டியலும் வர நாலு மணி தாண்டும். ஆகவே அந்தத் தளங்களை 4:30 வரை மூடி, டீ நேரத்தில் திறந்து வைத்தால் ஒரே பார்வையில் முடிகிறது. நேரத்தை விட, எந்த இடத்தில் வேலை அறுகிறது என்பது முக்கியம். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் மனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். திறக்கும் நேரங்களை வேலை தானே முடியும் இடங்களில், அதாவது சாப்பாடு, டீ, ஷிஃப்ட் முடிவு ஆகியவற்றில் வைப்பது இதனால்தான்.

குரூப் பிரிக்கும்போது நடக்கும் தவறு

பை-ஹோலில் 'வேலை' என்று ஒரு குரூப். சொந்த லேப்டாப்பை அதில் சேர்க்க வேண்டும். தடுக்க வேண்டிய தளங்களை அந்தக் குரூப்புக்கு மட்டும் ஒட்ட வேண்டும். புதிதாக ஒரு தளத்தைச் சேர்த்தால் பை-ஹோல் தானாகவே 'டிஃபால்ட்' குரூப்பில் போடும். அந்த டிக்கை எடுக்க மறந்தால் டிவியில் யூடியூப் நின்று, ஹாலிலிருந்து சத்தம் வரும். கருவிகளை மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) வைத்துச் சேர்க்கிறோம் என்பதால் தனிக் குரூப்பில் போடும் போன்களில் இந்த வைஃபைக்கு மட்டும் ரேண்டம் மேக்கை அணைத்து 'போன் மேக்' என்று மாற்றிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து ரேண்டம்தான் இயல்பு நிலை.

யூடியூபைத் தடுக்க யூடியூப்.காம் மட்டும் போதாது. காட்சியே வருவது கூகுள்வீடியோ.காம் தளத்திலிருந்து. ஆனால் அதையும் தடுத்தால், வேலைப் பயிற்சிப் பக்கங்களில் பதித்திருக்கும் யூடியூப் பாடங்களும் நின்றுபோகும். மென்பொருள் வேலைக்காரருக்கு இது உண்மையான தொந்தரவு. அவருக்கு யூடியூபைத் தடுக்காமல், கணக்கில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திப் பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் காலியாக நிற்கும். தேடினால் கிடைக்கும், தேடாமல் எதுவும் வந்து நிற்காது. தடுப்பை விட இது மேல்.

நேரத்துக்குத் திறந்து மூட, பையில் குறித்த மணிக்குக் கட்டளைகளை ஓட்டும் கிரானில் இரண்டு இரண்டு வரிகள்: குரூப்பின் 'எனேபிள்ட்' மதிப்பை 1 அல்லது 0 ஆக்குவது ஒன்று, பட்டியலை மறுபடி ஏற்றச் சொல்வது ஒன்று. இரண்டாவதை விட்டால் மாற்றம் நடக்காது. காலை 9:30-க்கு மூடினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் வீடியோ ஓடிக்கொண்டேதான் இருக்கும். டிஎன்எஸ் தடுப்பு புது வழியைத்தான் மறைக்கும், போட்ட இணைப்பை அறுக்காது. பிரவுசரை ஒரு முறை மூடித் திறப்பதை வேலை தொடங்கும் பழக்கமாக வைத்துக்கொள்வது எளிது.

கசியும் இடங்கள்

எல்லாம் சரியாகப் போட்டும் தடுப்பு வேலை செய்யவில்லை என்றால் முதலில் ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த முகவரி முறை) பார்க்க வேண்டும். ரூட்டர் ஐபிவி4-க்கு பையின் முகவரியைச் சொல்லிவிட்டு, ஐபிவி6-க்கு தன்னையே டிஎன்எஸ் என்று அறிவிக்கும். போன்களும் லேப்டாப்பும் அந்தப் பக்கமாக நழுவிவிடும். சிறு வீட்டில் உள்வலைக்கு ஐபிவி6-ஐ அணைப்பதே குறுக்குவழி. பெரிய இழப்பு இல்லை.

அடுத்து ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ். அங்கே ஏதாவது பெயர் எழுதியிருந்தால் பை-ஹோல் பக்கம் எட்டிப் பார்க்கவே பார்க்காது. 'ஆட்டோமேட்டிக்' அல்லது 'ஆஃப்' இருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸின் பாதுகாப்பான டிஎன்எஸ் வசதி தானாக ஆன் ஆவதை பை-ஹோல் இயல்பாகவே தடுக்கிறது. நாமே கையால் ஆன் செய்திருந்தால் தடுக்காது.

கம்பெனி லேப்டாப்பை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். விபிஎன் ஓடும்போது அதன் டிஎன்எஸ் கேள்விகள் கம்பெனிக்குப் போகின்றன. வீட்டுப் பை-ஹோலுக்கு ஒன்றும் தெரியாது. அதில் எதையும் நிறுவவும் கூடாது. மெடிக்கல் கோடிங் போன்ற வேலையில் அந்த லேப்டாப்பில் சொந்தக் கணக்கு எதையும் லாகின் செய்யாமல் இருப்பதே முழுத் தடுப்பு. அவர்களின் சிக்கல் முழுக்க போன்தான்.

கரண்ட் போய் வந்தபின்

மினி யூபிஎஸ்ஸும் தீர்ந்து எல்லாம் அணைந்து எழும்போது வருவது விசித்திரமான கோளாறு. பை ஜீரோ 2, பை 3, பை 4 எதிலும் கடிகாரத்துக்கான பேட்டரி கிடையாது. எழும்போது அணைந்த நேரத்தையே மணி என்று நினைத்துக்கொள்ளும். பிறகு நெட்டிலிருந்து சரிபார்க்கும். சரிபார்க்க நேர சர்வரின் பெயரை டிஎன்எஸ்ஸில் கேட்க வேண்டும். பை-ஹோலில் டிஎன்எஸ்செக் (பதில்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதி) ஆன் செய்திருந்தால், மணி தவறாக இருக்கும்போது கையொப்பங்கள் செல்லாதவை என்று தள்ளிவிடும். பெயர் கிடைக்காததால் மணி சரியாகாது. மணி சரியாகாததால் பெயர் கிடைக்காது. வீடு முழுக்க நெட் இல்லை, ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை. ஓரிரு நிமிடம் அணைந்திருந்தால் இது வராது. மணிக்கணக்கில் அணைந்திருந்தால் வரும்.

மூன்று வழி உண்டு. நேர சர்வருக்குப் பெயருக்குப் பதில் எண் முகவரி கொடுப்பது. பைக்கு மட்டும் தன் டிஎன்எஸ்ஸாக ரூட்டரைக் கேட்கச் சொல்வது. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைப் பின்களில் செருகுவது. மூன்றாவது சில நூறு ரூபாய், நாலு வயர், பட்டன் செல் ஒன்று. மின்தடை வழக்கமான ஊரில் இதையே சொல்வோம், ஏனென்றால் மணி தவறினால் கிரானும் தவறும், 4:30-க்குத் திறக்க வேண்டியது ராத்திரி திறக்கும்.

எஸ்டி கார்டைக் காப்பாற்றப் பதிவுகளை ராமில் வைத்து எழுதும் லாக்2ராம் போடலாம். பை-ஹோல் தன் நீண்டகாலப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் ஒரு வாரமாகக் குறைத்துவிடுங்கள். அமைப்புகளின் நகலை பை-ஹோலின் டெலிபோர்ட்டர் வசதி வழியாக இறக்கி லேப்டாப்பில் வைத்திருந்தால், கார்டு போனாலும் புதுக் கார்டில் அரை மணியில் மீண்டுவிடும்.

லேப்டாப்பிலேயே ஒரு அடுக்கு

வீட்டு வைஃபைக்கு வெளியே போனாலும் நிற்கும் தடுப்பு லேப்டாப்பில் இருக்க வேண்டும். இதற்கு லீச்பிளாக் என்ற பிரவுசர் நீட்சி போதும். ஒரே அடியாக மூடும் வசதியை விட அதில் உள்ள தாமதப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது: தளத்தைத் திறந்தால் நாம் வைத்த வினாடிகள் எண்ணி முடித்த பிறகே உள்ளே விடும். 60 வினாடி வையுங்கள். கை பழக்கத்தில் தானாகத் திறந்தவர் முப்பதாவது வினாடியில் மூடிவிடுவார். உண்மையிலேயே வேலை இருப்பவர் காத்திருப்பார். முழுத் தடை போட்டால் இரண்டு பேரும் நீட்சியையே அணைத்துவிடுவார்கள். இன்காக்னிட்டோ ஜன்னலிலும் ஓட அனுமதி கொடுக்க மறக்க வேண்டாம்.

விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 0.0.0.0 போட்டுத் தளப் பெயர் எழுதும் பழைய வழியும் இருக்கிறது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும்; சேமிக்கும்போது பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், ஒட்டினால் கோப்பு கிடக்கும், பலன் இருக்காது. மொத்தத் தளத்துக்கும் ஒரு நட்சத்திரக் குறி போட முடியாது. முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, எம் உள்ளது, வெறும் பெயர் என்று தனித்தனி வரி. நேரம் வைத்துத் திறக்கவும் வழியில்லை. எப்போதுமே வேண்டாம் என்று முடிவு கட்டிய ஒன்றிரண்டு தளங்களுக்கு மட்டும் இது சரி.

போன்

போனை வேறு அறையில் வை என்று சொல்வது சுலபம். வைக்க முடியாமல் செய்வது ஓடிபியும் சிக்னலும் ஹாட்ஸ்பாட்டும். மூன்றையும் போனிலிருந்து பிரித்தால்தான் போன் ஹாலுக்குப் போகும்.

ஓடிபிக்கு, அலுவலக எண் தனியாக இருந்தால் அந்தச் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு மேசையில் வைத்துவிடலாம். ஜியோ சிம் 2ஜி பட்டன் போனில் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன் வேண்டும். வங்கியிலும் யூபிஐயிலும் பதிந்த சிம்மை மட்டும் இடம் மாற்ற வேண்டாம். யூபிஐ செயலி மறுபடி பதியச் சொல்லும், அந்த அலைச்சலுக்கு போன் மேசையில் இருப்பதே தேவலை. நிறுவனம் அனுமதித்தால் எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டு, லேப்டாப்பிலேயே ஓடும் ஆதென்டிகேட்டருக்கோ யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிக்கோ மாறுவது மேல்.

சிக்னல் இங்கே தனிக்கதை. வீட்டின் மேற்குப் பக்கம் போனால் போன் கேரளா டவரைப் பிடிக்கும், கிழக்கே வந்தால் தமிழ்நாடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரவேற்பு எஸ்எம்எஸ் வந்து விழும். அந்த அனுப்புநர்களை மியூட் செய்வது ஒரு நிமிட வேலை. வைஃபை காலிங்கை ஆன் செய்தால் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போக வேண்டியதும் இல்லை. ஹாலில் கிடக்கும் போனில் அழைப்பு வந்தால் மணி அடிக்கும், வீட்டார் குரல் கொடுப்பார்கள்.

ஹாட்ஸ்பாட்டுக்கு, மேசை டிராயரில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். ஃபேக்டரி ரீசெட் செய்து, கூகுள் கணக்கே போடாமல், டேட்டாவுக்கு மட்டும் ஒரு சிம். சிக்னல் நிலையாக இருக்கும் ஜன்னல் பக்கம் வைத்து, ஹாட்ஸ்பாட் ஆன். சும்மா இருந்தால் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் அமைப்பை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் சொந்தப் போனின் ஹாட்ஸ்பாட் பெயரை 'ஃபர்கெட்' செய்துவிட்டு இதை மட்டும் தானாக இணையும்படி வையுங்கள். வீட்டு வைஃபையே அணைந்தால் லேப்டாப் தானே இங்கே தாவும். வைஃபை இருந்து நெட் மட்டும் விழுந்தால் லேப்டாப்பில் இதைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும், போனைத் தொட வேண்டியதில்லை. எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் பழைய போனின் பேட்டரி உப்பும். மாதம் ஒரு முறை பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மேடு தெரிந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஊர்க் குரூப், சொந்தக்காரர் குரூப் எல்லாவற்றையும் 'ஆல்வேஸ்' மியூட் செய்து ஆர்கைவுக்கு அனுப்பிவிட்டால் புதுச் செய்தி வந்தாலும் மேலே வராது. வெளியேறினால் சித்தப்பா வருத்தப்படுவார். ஆர்கைவ் செய்தால் அவருக்குத் தெரியாது.

பராமரிப்பு நாள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை என்று பேப்பரில் போடும் நாள் தனி. ஐந்து மணி நேரத்துக்கு 12.5 வாட் என்றால் நஷ்டமும் சேர்த்து 73 வாட்-மணிக்கு மேல் வேண்டும். மேலே சொன்ன மினி யூபிஎஸ் மூன்று தேவைப்படும். அதை வாங்குவதை விட, மீட்டிங் இல்லாத வேலையை அன்றைக்கு ஒதுக்கி நெட்டையே அணைத்துவிடுவது நல்லது. முந்தின இரவே செய்ய வேண்டியவை: கோட் களஞ்சியத்தை முழுதாக இறக்குவது, ஜீல் போன்ற ஆவணம் படிக்கும் மென்பொருளில் தேவையான நிரலாக்க ஆவணங்களை ஆஃப்லைனில் ஏற்றுவது, ஜிமெயிலின் ஆஃப்லைன் வசதியை ஆன் செய்வது, லேப்டாப்பை நூறு சதவீதம் சார்ஜ் செய்வது, காலை 9 முதல் 2 வரை பதில் தாமதமாகும் என்று சாட்டில் ஸ்டேட்டஸ் போடுவது. விபிஎன் இல்லாமல் ஓடாத மெடிக்கல் கோடிங்குக்கு இது செல்லாது. அவருக்கு முழு மினி யூபிஎஸ்ஸையும் கொடுத்து, சொந்த ரூட்டரையும் பையையும் கழற்றிவிட்டு, ஃபைபர் பெட்டியில் நேரடியாக வயர் செருகிவிட்டால் சுமை பாதியாகி நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். மீதிக்குப் பழைய போன்.